புதுமைப் பெண் திட்டம்

அரசுப் பள்ளிகளில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை படித்த மாணவியரின் உயர்கல்விக்காகத் தமிழ்நாடு அரசு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் திட்டம். 2022 செப்டம்பர் 5 அன்று சென்னையில் தொடங்கப்பட்டது. முழுப்பெயர்: மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் உயர்கல்வி உறுதித் திட்டம்.

தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய இராமாமிர்தம் அம்மையார் (1883–1962) பெயரில் 1989 முதல் ஏழைப் பெண்களுக்குத் திருமண நிதியுதவித் திட்டம் இருந்தது. பிற்காலத்தில் தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. மணமகள் பட்டம் பெற்றிருந்தால் தொகை கூடியது. அந்தத் திட்டமே கல்வித் திட்டமாக மாற்றப்பட்டது. கல்யாணச் செலவுக்கு வந்த பணம் படிப்புக்குத் திரும்பியதுதான் இதன் முக்கியத்துவம்; தொகையின் அளவு அடுத்ததே.

பட்டப்படிப்பு, பட்டயம், தொழிற்பயிற்சி ஆகியவை முடியும்வரை பணம் மாணவியின் வங்கிக் கணக்கிலேயே செலுத்தப்படுகிறது. வேறு உதவித்தொகை பெறுவோரும் இதைப் பெறலாம். அரசுக் கல்லூரி மாணவிக்குப் புத்தகம், சாப்பாடு, போக்குவரத்து போன்ற சில்லறைச் செலவுகளுக்கு இது கைகொடுக்கும். ஆனால் தனியார் கல்லூரிக் கட்டணத்துக்கு முன் 1,000 ரூபாய் எம்மாத்திரம்? படிப்பை நிறுத்தச் சொல்லும் வீட்டில், தன் பெயரில் மாதாமாதம் பணம் வரும் பெண்ணின் பேச்சுக்குக் கொஞ்சம் மதிப்பு கூடும் என்பது வேறு விஷயம்.

ஆண் மாணவர்களுக்கான இதே போன்ற தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9 அன்று கோயம்புத்தூரில் தொடங்கியது. அதே ஆண்டு இறுதியில் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்த மாணவியரும் புதுமைப் பெண் திட்டத்தில் சேர்க்கப்பட்டனர். தொலைநிலைக் கல்வியில் படிப்போருக்கு இதில் இடமில்லை. பகலில் வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கும் பெண்களை விட்டுவிடும் இந்த விதி திட்டத்தின் பெரிய குறை.