லூமுட் கரையும் தோட்டத் தமிழரும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

பேராக் மாநிலத்தின் மேற்குக் கரையில், மஞ்சோங் மாவட்டத்தில் அமைந்துள்ள சிறு நகரம் லூமுட். மலாய் மொழியில் இச்சொல் பாசியைக் குறிக்கும். பங்கோர் தீவுக்குச் செல்லும் படகுத்துறை, கரையோர நடைபாதை, சிப்பிக் கைவினைப் பொருள்களும் கருவாடும் விற்கும் கடைகள், அருகிலுள்ள தெலுக் பாத்தேக் கடற்கரை ஆகியவற்றால் இன்று இது சுற்றுலா நகரமாக விளங்குகின்றது. இங்கு வருவோர் அறிந்து செல்லும் வரலாறு பெரும்பாலும் கடல்வழி வந்தோரின் வரலாறே ஆகும். இவ்வட்டாரத் தமிழருள் பெரும்பாலோரோ இக்கரையைத் தோட்டங்களிலிருந்து, நிலவழியாக வந்தடைந்தவர்கள். அவர்களின் வரலாற்றோடு சேர்த்து நோக்கும்போதே லூமுட்டின் வரலாறு முழுமை பெறும் என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்க முற்படுகின்றது.

கடல்வழி வந்த வரலாறு

பங்கோர் தீவின் தெலுக் கெடோங்கில் காணப்படும் டச்சுக் கோட்டை 1670ஆம் ஆண்டு ஈய வணிகத்தைக் காக்கும் நோக்கில் கட்டப்பட்டது. 1690இல் உள்ளூர் மலாய்க்காரர்களின் தாக்குதலுக்கு உள்ளான இக்கோட்டையை டச்சுக்காரர்கள் 1743இல் மீண்டும் எழுப்பி, 1748இல் கைவிட்டனர். இதனையடுத்து வந்த ஆங்கிலேயர் 1874ஆம் ஆண்டு சனவரி 20ஆம் நாள் பங்கோர் உடன்படிக்கையைச் செய்துகொண்டனர். பேராக் அரியணைப் பூசலில் இராஜா அப்துல்லா சுல்தானாக ஏற்கப்பட்டதும், ஆங்கிலேய ஆலோசகர் முறை தொடங்கியதும் இவ்வுடன்படிக்கையின் விளைவுகளாகும்.

இதே உடன்படிக்கை மற்றொரு விளைவையும் தந்தது. பங்கோர் தீவும் அதற்கு எதிரேயுள்ள நிலப்பகுதியும் பேராக்கிலிருந்து பிரிக்கப்பட்டு, ‘டிண்டிங்ஸ்’ என்னும் பெயரில் நீரிணைக் குடியேற்றங்களின் பகுதியாயின. 1935இல்தான் இப்பகுதி பேராக்கிடம் திருப்பி அளிக்கப்பட்டது. ஆக, ஏறத்தாழ 61 ஆண்டுகள் லூமுட் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகியவற்றைப் போன்று ஆங்கிலேயரின் நேரடிக் காலனியாக இருந்துள்ளது. சுற்றியிருந்த பேராக்கோ சுல்தானின் பெயரில் ஆளப்பட்ட பாதுகாப்பு மாநிலமாகும்.

இவ்வெல்லை வெறும் நிர்வாகக் கோடு அன்று. காலனி மண்ணில் பிறந்த குழந்தை, பிறந்த இடத்தின் அடிப்படையிலேயே பிரித்தானியக் குடிமகன் எனக் கொள்ளப்பட்டது. பாதுகாப்பு மாநிலத்தில் பிறந்த குழந்தைக்குப் பிறந்த இடம் மட்டும் அத்தகுதியைத் தரவில்லை. ஒரே வட்டாரத்தில், ஒரே மொழி பேசி, ஒரே தொழில் செய்த இரு தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் சட்டத்தின் முன் வெவ்வேறு நிலையில் நின்றிருக்கக்கூடும். எனவே, அக்காலத்துப் பிறப்புச் சான்றுகளை ஆராய்வோர் இவ்வெல்லையைக் கருத்திற் கொள்ள வேண்டியது இன்றியமையாதது.

தோட்டவழி வந்த வரலாறு

லூமுட் இயற்கைத் துறைமுகமாக இருந்தும் தென்னிந்தியத் தொழிலாளர் முதன்மையாக வந்திறங்கிய இடம் பினாங்கேயாகும். அங்கிருந்து அவர்கள் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் முடிவுற்ற பின்னரும், 1938இல் இந்திய அரசு தடைவிதிக்கும் வரை, கங்காணி முறையின்வழி தொழிலாளர் வருகை தொடர்ந்தது. 1903இல் சீனத்தின் ஃபூச்சோ பகுதிக் கிறித்துவர்கள் சித்தியவானில் குடியேறினர். பின்னர் அவர்கள் ரப்பர் பயிரிடுவதில் ஈடுபட்டனர். இதே வட்டாரத்துப் பெருந்தோட்டங்களில் பால்மரம் சீவியோர் பெரும்பாலும் தமிழராவர்.

இத்தோட்டங்கள் பல பின்னர் செம்பனைக்கு மாறின; மக்களும் நகர்ப்புறங்களுக்குப் பெயர்ந்தனர். எனினும் சோகோமானா, கேஷ்வூட், ஆயர் தாவார் ஆகிய தோட்டங்களின் பெயர்களைத் தமிழ்ப்பள்ளிகள் தாங்கி நிற்கின்றன. தோட்டம் உருமாறிய பின்னும் பள்ளியின் பெயர் ஓர் ஆவணமாக நிலைப்பதை நாம் இங்குக் காண்கிறோம்.

தோட்டத் தமிழரைக் கடலோடு இணைத்த பெருநிகழ்வு மாசி மகம் எனலாம். பங்கோர் தீவின் சுங்கை பினாங் கெச்சிலில் கடலை நோக்கி அமைந்துள்ள பத்திரகாளியம்மன் ஆலயத்தில் இவ்விழா சிறப்பாகக் கொண்டாடப்படுகின்றது. தமிழகக் கடற்கரைகளில் தெய்வங்களை நீராட்டும் மரபு இங்கு மலாக்கா நீரிணையில் தொடர்கின்றது. பக்தர்கள் பலர் லூமுட் படகுத்துறையைக் கடந்து தீவை அடைகின்றனர். சுற்றுலாப் பயணிக்குப் பொழுதுபோக்கின் வாயிலாகத் தோன்றும் அத்துறை, தமிழருக்கு வழிபாட்டுப் பாதையின் ஒரு பகுதியாகவும் விளங்குகின்றது. நீரிணைக் கரையைத் தமிழர் தமதாக்கிக் கொண்டதற்கு இவ்விழா ஒரு வாழும் சான்றாகும்.

மாறிவரும் கரை

1980களில் அரச மலேசியக் கடற்படையின் முதன்மைத் தளம் சிங்கப்பூரின் ஊட்லண்ட்ஸிலிருந்து லூமுட்டில் நிலைபெற்றது. 2003இல் மஞ்சோங் அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. 2014இல் தெலுக் ரூபியாவில் இரும்புத்தாது முனையம் செயல்படலாயிற்று. இவ்வளர்ச்சி வேலைவாய்ப்பையும் வருவாயையும் தந்துள்ளமை மறுக்கத்தக்கதன்று. ஆயினும் ஒவ்வொரு மாற்றத்தின்போதும் பழைய குடியிருப்பும் இடுகாடும் சிறுகோயிலும் இடம்பெயரவோ மறையவோ வாய்ப்புண்டு. கல்லால் கட்டிய கோட்டையைத் தொல்பொருளாகப் புதுப்பிக்க இயலும். பலகையால் அமைந்த தொழிலாளர் வரிசை வீடுகள் அவ்வாறு எஞ்சுவதில்லை.

முடிவுரை

லூமுட்டின் தமிழர் வரலாற்றுக்குரிய மூலங்கள் கோட்டைச் சுவர்களில் இல்லை. பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகள், கோயில் கணக்கேடுகள், கல்லறை எழுத்துகள், பால்மரம் சீவிய முதியோரின் வாய்மொழிகள் ஆகியவையே அவை. இவற்றுள் முதியோரின் வாய்மொழி மிக விரைவில் அழியக்கூடியது. ஆகவே, இவ்வட்டாரத்திலிருந்து பல்கலைக்கழகம் வரும் மாணவர்கள் தத்தம் தோட்டத்து முதியோரின் நினைவுகளைப் பெயர், ஊர், ஆண்டு ஆகிய விவரங்களோடு பதிவு செய்தல் வேண்டும். ஆலய நிருவாகத்தினரும் பள்ளி வாரியத்தினரும் பழைய ஏடுகளைக் களையும் முன்னர் அவற்றைப் படியெடுத்துப் பாதுகாத்தல் நலம். அப்பணி நிறைவேறுமாயின், லூமுட் கரைக்கு வரும் பயணி கடலை நோக்கி நிற்பதோடு, தன் பின்னேயுள்ள நிலத்தின் வரலாற்றையும் அறிந்து செல்ல வழி பிறக்கும்.