தஞ்சையிலிருந்து பறந்த போர் விமானிகளும் நந்தம்பாக்கம் கல்லறைத் தோட்டமும்

இரண்டாம் உலகப் போரில் தென்னிந்தியாவில் பணியாற்றி இறந்த பிரித்தானிய, காமன்வெல்த் விமானப்படையினர் பலரின் உடல்கள் சென்னை நந்தம்பாக்கம் போர்க் கல்லறைத் தோட்டத்தில் உள்ளன. நெல் வயல்கள் சூழ்ந்த தஞ்சாவூரும் இவ்வரலாற்றில் ஓர் இடம் பெறுகிறது.

1942 தொடக்கத்தில் சிங்கப்பூர் ஜப்பானிடம் வீழ்ந்தது. ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பு, திருகோணமலை, விசாகப்பட்டினம், காக்கிநாடா ஆகிய ஊர்களில் குண்டு வீசின. வங்கக் கடல் போர்முனையாக, தமிழகத்தின் விமானதளங்கள் முக்கியத்துவம் பெற்றன. பிரித்தானிய விமானப்படையின் 36ஆம் ஸ்குவாட்ரன் தஞ்சைக்கு வந்த கதை துயரமானது. 1942 ஜனவரி 26 அன்று மலாயாவின் எண்டாவ் கடற்கரையில், காலாவதியான வில்டிபீஸ்ட் இருதள விமானங்களுடன் ஜப்பானியக் கப்பல்களைத் தாக்கப்போய்ப் பேரிழப்பைச் சந்தித்தது. மிஞ்சியவர்களில் பலர் மார்ச்சில் ஜாவாவில் சிறைப்பட்டனர். அப்படி அழிந்த படைப்பிரிவுக்கு 1942 அக்டோபரில் தஞ்சாவூரில் மறுபடி உயிர் கொடுத்தார்கள்.

இம்முறை வெலிங்டன் விமானங்கள். உலோகச் சட்டத்தின் மேல் துணி போர்த்தியவை, இரண்டு எஞ்சின்கள், ஐந்தாறு பேர் சேர்ந்தே பறக்க வேண்டும். நீர்மூழ்கிகளைத் தேடிக் கடல்மேல் மணிக்கணக்கில் சுற்றுவது இவர்கள் வேலை. இத்தகைய விமானம் ஒன்று விழுந்தால் ஐந்தாறு வீடுகளில் ஒரே நாளில் இழவு. 1943 நடுவில் இப்படைப்பிரிவு அல்ஜீரியாவுக்கு மாற்றப்பட்டது.

தென்னிந்தியாவில் இறந்த வீரர்களைப் பொதுக் கல்லறைகளிலும் கண்டோன்மென்ட் கல்லறைகளிலும் புதைத்திருந்தனர். அவற்றுக்கு நிரந்தரப் பராமரிப்பு உறுதியில்லை என்பதால், தென், கிழக்கு இந்தியக் கல்லறைகள் பலவற்றிலிருந்து உடல்களை எடுத்து ஓரிடத்தில் சேர்க்க 1952இல் நந்தம்பாக்கம் தோட்டம் அமைக்கப்பட்டது. பரங்கிமலைக்கு அருகே, பூந்தமல்லி சாலையில் உள்ளது. இரண்டாம் உலகப் போரின் 856 காமன்வெல்த் வீரர்கள் இங்கே இருக்கிறார்கள். அதிகாரி, சிப்பாய் என்ற பேதம் கல்லறைக் கற்களில் கிடையாது. இத்தோட்டத்தைப் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 1917இல் தொடங்கியதிலிருந்தே காக்கும் இந்நெறி மிக உயர்ந்தது.

கடலோடு போனவர்களுக்குக் கல்லறையே இல்லை. தெற்கு, கிழக்கு ஆசியாவிலும் சூழ்ந்த கடல்களிலும் காணாமற்போன விமானப்படையினரின் பெயர்கள் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவுச் சுவரில் உள்ளன. அதில் மொத்தம் 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள்.

தஞ்சை தளத்தில் 2020 ஜனவரி முதல் இந்திய விமானப்படையின் சுகோய்-30 ஸ்குவாட்ரன் இயங்குகிறது. தஞ்சை வரலாற்றை எழுதுவோர் சோழர், நாயக்கர், மராட்டியர் வரிசைக்குப் பின் அந்த உலகப் போர் விமானிகளுக்கும் ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும்.