பின் இறக்கையின் அழுத்தம்
1966இல் அமெரிக்கர் ஜிம் ஹால் உருவாக்கிய சாப்பரல் 2இ பந்தயக் காரின் பின் இறக்கை உயரமான கம்பங்களில் நின்றது. கிளட்ச் மிதி இல்லாததால் ஓட்டுநரின் இடது கால் இறக்கையை இயக்கியது: நேர்ப்பாதையில் மிதித்தால் படுக்கும், வளைவில் காலை எடுத்தால் சாய்ந்து அழுத்தும்.

அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். வினாடிக்கு 50 மீட்டர் வேகத்தில், 1 சதுர மீட்டர் பரப்பும் 1 என்ற தூக்குக் கெழுவும் உள்ள இறக்கை சுமார் 150 கிலோ எடைக்கு நிகராக அழுத்தும். உடற்கூட்டில் பொருத்திய இறக்கையானால் ஸ்பிரிங் அமுங்கும் அளவை வைத்தும் இதைக் கணிக்கலாம். சாப்பரலில் கம்பங்கள் சக்கரத் தாங்கிகளில் ஊன்றியிருந்ததால் விசை நேரே டயருக்குச் சென்றது.

1969 ஸ்பானிஷ் கிராண்ட் பிரீ ஃபார்முலா 1 பந்தயத்தில் இரு லோட்டஸ் கார்களின் இத்தகைய உயர இறக்கைகள் முறிந்து விபத்துகள் நேர்ந்தன. அதே மாதம் மொனாக்கோவில் உயர இறக்கைகளுக்குத் தடை வந்தது. ஓடும்போதே சாய்வு மாறும் பின் இறக்கை 2011இல், முந்துவதற்கு உதவியாக, ஃபார்முலா 1இல் அனுமதிக்கப்பட்டது.