கைரேகைச் சட்டமும் ஆகானின் பிள்ளைகளும்

போன மாசம் திண்டிவனத்திலிருந்து செஞ்சிக்கு வர்ற பஸ்ல, பின்சீட்டில் ஒருத்தர் ஏதோ ஒரு திருட்டைப் பத்திப் பேசிட்டு, "அவனுங்க பரம்பரையே அப்படித்தான்"னு முடிச்சார். யாரும் மறுக்கலை. நானும்தான். வீட்டுக்கு வந்து பைபிளை எடுத்தேன்.

யோசுவா 7-ல் எரிகோவின் கொள்ளைப்பொருளிலிருந்து ஆகான் ஒருவன் திருடுகிறான். ஆகோர் பள்ளத்தாக்குக்கு அவனோடு மகன்கள், மகள்கள், மாடு, கழுதை எல்லாமே இழுத்துப் போகப்படுகின்றன. ஆனால் உபாகமம் 24:16, பிள்ளைக்காகத் தகப்பனையோ தகப்பனுக்காகப் பிள்ளையையோ கொல்லக்கூடாது என்கிறது. யூதாவின் அரசன் அமத்சியா, தன் அப்பாவைக் கொன்றவர்களைத் தண்டித்தபோது அவர்கள் பிள்ளைகளைத் தொடாமல் விட்டது இந்தச் சட்டத்தைக் காட்டித்தான் (2 இராஜாக்கள் 14). பாபிலோனில் சிறையிருந்த மக்கள் 'முன்னோர் செய்த பாவத்துக்கு நாங்க அனுபவிக்கிறோம்' என்று புலம்ப, எசேக்கியேல் 18 அதிகாரம் முழுக்க அதை மறுக்கிறது. மூன்று, நான்கு தலைமுறை வரை விசாரிப்பேன் என்கிற யாத்திராகமம் 20 கடவுளைப் பற்றிய பேச்சு. மனிதர் நடத்தும் வழக்கில் அதுக்கு இடமில்லைன்னுதான் நான் வாசிக்கிறேன்.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். 1871-ல் வடக்கே வந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-ல் திருத்தப்பட்டு சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. அரசு ஒரு சாதியை அறிவிப்பில் சேர்த்தால் போதும். ஆள் என்ன செய்தான்னு யாரும் நிரூபிக்க வேண்டாம். அறிவிப்பை நீதிமன்றத்தில் கேள்வி கேட்கவும் முடியாது. கைரேகை பதியணும், குறிச்ச நேரத்துக்குப் போய் ஆஜராகணும். மக்கள் வைத்த பெயர்தான் கைரேகைச் சட்டம். உசிலம்பட்டி பக்கம் பெருங்காமநல்லூரில் பிறமலைக் கள்ளர்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். 1920 ஏப்ரல் 3-ல் போலீஸ் சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள். செஞ்சி அப்போது இருந்த தென்னாற்காடு மாவட்டத்திலும் அஜீஸ் நகரில் ஒரு குடியிருப்பு இருந்தது.

எனக்குத் தூக்கம் கெட்டது இன்னொரு இடத்தில். 1913-ல் இன்றைய ஆந்திராவின் ஸ்டூவர்ட்புரம் குடியிருப்பை நடத்தியது இரட்சணிய சேனை. எசேக்கியேலைப் படிச்சவங்க! தனிமனிதன் மனந்திரும்பலாம்னு நம்பினவங்கதான். ஆனா உள்ளே வந்தவன் பிறப்பால் வந்தவன்.

ரொம்ப அவங்களைத் திட்டவும் முடியலை. சர்வர்ல ஒரு முகவரியிலிருந்து தொல்லை வந்தா, நானே மொத்த ஐபி ரேஞ்சையும் தடுத்திருக்கேன். விசாரிக்க நேரம் இல்லை, அவ்ளோதான் காரணம்.

மாகாணத்தில் 1947-ல் சட்டம் ரத்தானது. நாடு முழுக்க 1952 ஆகஸ்ட் 31. இடையில் 1948-லேயே சென்னையில் பழக்கக் குற்றவாளிகள் சட்டம் வந்துவிட்டது, இந்த முறை தனித்தனி ஆளின் பெயரில். பழைய பட்டியலில் இருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று தாலுகா ஆபீஸில் 'சீர்மரபினர்' சான்றிதழுக்கு நிற்கிறார்கள். அதுவும் பிறப்பை வைத்துத்தான் கிடைக்கிறது.