நீதிபதி நாற்காலியும் குற்றவாளிக் கூண்டும்

1951. முதல் பொதுத்தேர்தல் இன்னும் தொடங்கவில்லை. தற்காலிக நாடாளுமன்ற உறுப்பினர் எச்.ஜி.முட்கல், பம்பாய் தங்கம், வெள்ளி வியாபாரிகள் சங்கத்திடம் பணம் வாங்கிக்கொண்டு அவையில் கேள்வி கேட்டதாகப் புகார் எழுந்தது. முட்கல் ஆளுங்கட்சிக்காரர். ஆனாலும் பிரதமர் நேருவே விசாரணைக் குழு அமைக்கத் தீர்மானம் கொண்டுவந்தார்.

குற்றம் உறுதியானது. வெளியேற்றுவதற்குள் முட்கல் ராஜினாமா செய்துவிட்டார். அவை விடவில்லை. அவர் வெளியேற்றப்பட வேண்டியவரே என்று செப்டம்பரில் தீர்மானம் நிறைவேற்றியது.

அந்த விசாரணைக் குழுவின் தலைவர் யார் தெரியுமா? டி.டி.கிருஷ்ணமாச்சாரி!

ஆறே ஆண்டுகளில் காட்சி மாறியது. 1957 ஜூனில் எல்.ஐ.சி., ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு நிறுவனப் பங்குகளை ஏறத்தாழ ஒன்றேகால் கோடி ரூபாய்க்கு வாங்கியது. பாலிசிதாரர்களின் பணம்! எல்.ஐ.சி.யின் முதலீட்டுக் குழுவைக் கேட்காமலே வாங்கியிருந்தார்கள். டிசம்பரில் மக்களவையில் இதைக் கிளப்பியவர் நேருவின் மருமகன் பெரோஸ் காந்தி. அப்போது நிதியமைச்சர் டி.டி.கே.

நீதிபதி சாக்ளா பொதுமக்கள் முன்னிலையில் விசாரித்தார். செயலாளர் செய்ததற்கும் அமைச்சரே பொறுப்பு என்றார். 1958 பிப்ரவரியில் டி.டி.கே. பதவி விலகினார். 1962-ல் மீண்டும் அமைச்சரானார் என்பது வேறு கதை.

2005-ல் கேள்வி கேட்கப் பணம் வாங்கிய 11 எம்.பி.க்கள் பதவி இழந்தபோது, பழைய முட்கல் வழக்கே முன்னுதாரணமாக நின்றது.

இரண்டு புகார்களுமே ஆளுங்கட்சிக்காரர்கள் மீதுதான். இரண்டையும் அவைக்குக் கொண்டுவந்தவர்களும் அதே கட்சிக்காரர்கள்தான். புகாருக்குப் பல் இருந்தது அதனால்தான்.