சாமி கடக்கும் ஓடுபாதை – திருவனந்தபுரம் விமான நிலையத்தின் கதை

ஒரு கோவில் ஊர்வலத்திற்காக ஆண்டுக்கு இரண்டு முறை மூடப்படும் சர்வதேச விமான நிலையம் எது தெரியுமா? செங்கோட்டை, புனலூர் வழியாகப் போனால் ராஜபாளையத்துக்காரர்களும் எட்டிவிடக்கூடிய திருவனந்தபுரம் தான் அது!

தொடக்கம்

இந்த விமான நிலையத்தின் வரலாறு 1932-ல் தொடங்குகிறது. அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானம் மன்னராட்சியில் இருந்தது. ராயல் பிளையிங் கிளப்பின் ஒரு பகுதியாகவே இது உருவானது. இதற்குப் பெரும் முயற்சி எடுத்தவர் விமானம் ஓட்டத் தெரிந்தவரான கோதவர்ம ராஜா. இவர் மன்னர் சித்திரைத் திருநாளின் தங்கையை மணந்தவர். பிற்காலத்தில் கேரளத்தின் விளையாட்டுத் துறைக்கும் சுற்றுலாவுக்கும் வழிகாட்டியாகப் போற்றப்பட்டார்.

1935 அக்டோபர் 29-ல் டாடா நிறுவனத்தின் விமானம் பம்பாயிலிருந்து இங்கு வந்து இறங்கியது. ஓட்டி வந்தவர் நெவில் வின்சென்ட். நவம்பர் 1-ல் திருவிதாங்கூரின் 'அஞ்சல்' தபால்களுடன் அது பம்பாய்க்குத் திரும்பியது. அந்த டாடா விமான சேவைதான் பிறகு ஏர் இந்தியா ஆனது.

கடற்கரையும் வளைகுடாவும்

ஓடுபாதையை ஒட்டியே சங்குமுகம் கடற்கரை இருக்கிறது. கோவளம் சுமார் 15 கி.மீ. தூரம் தான். வெளிநாட்டுப் பயணிகள் கோவளத்தைத் தேடி வர வர, விமான நிலையமும் வளர்ந்தது. ஆனால் இதை உண்மையில் வளர்த்தவர்கள் சுற்றுலாப் பயணிகள் மட்டும் அல்ல. 1970-களின் இறுதியில் ஏர் இந்தியா அரபு நாடுகளுக்கு இங்கிருந்து விமானங்களை இயக்கத் தொடங்கியது. வேலை தேடி வளைகுடா சென்ற மலையாளிகளும், கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டத் தமிழர்களும் இந்த வாசல் வழியாகத்தான் போனார்கள்.

1991 ஜனவரி 1-ல் இது சர்வதேச விமான நிலையமாக அறிவிக்கப்பட்டது. அதுவரை டெல்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா ஆகிய நான்கு பெருநகரங்களுக்கு மட்டுமே அந்தத் தகுதி இருந்தது. 2011-ல் சாக்கை பக்கம் புதிய சர்வதேச முனையம் திறக்கப்பட்டது. இன்று ஆண்டுக்கு 40 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

ஆறாட்டு

ஸ்ரீவில்லிபுத்தூரைப் போலவே திருவனந்தபுரமும் 108 திவ்ய தேசங்களில் ஒன்று. பத்மநாபசுவாமி கோவிலில் ஐப்பசி, பங்குனி மாதத் திருவிழாக்களின் முடிவில் சாமியைச் சங்குமுகம் கடலில் நீராட்டுவார்கள். இதற்கு ஆறாட்டு என்று பெயர். விமான நிலையம் வருவதற்கு மிகவும் முன்பே இருந்த வழி அது. ஓடுபாதை அந்த வழியின் குறுக்கே அமைந்துவிட்டது. வழியை மாற்றவில்லை. அந்த இரண்டு நாட்களிலும் மாலையில் சுமார் ஐந்து மணி நேரம் விமானங்கள் நிறுத்தப்படுகின்றன. அரச குடும்பத்தின் தலைவர் வாளேந்தி முன்னே வர, சாமி ஓடுபாதையைக் கடந்து கடலுக்குப் போகிறார். இரவில் தீவட்டி வெளிச்சத்தில் அதே வழியாகத் திரும்புகிறார்.

யாருக்குச் சொந்தம்?

2019-ல் மத்திய அரசு ஆறு விமான நிலையங்களை ஏலம் விட்டபோது, திருவனந்தபுரமும் அதில் ஒன்று. அதானி நிறுவனம் ஒரு பயணிக்கு 168 ரூபாய் தர முன்வந்தது. கேரள அரசு நிறுவனம் கேட்டது 135 ரூபாய். வித்தியாசம் 10 சதவீதத்துக்குள் இருந்திருந்தால் மாநிலத்துக்கே முன்னுரிமை கிடைத்திருக்கும். நிலம் கொடுத்தது மாநிலம், எனவே நடத்தும் உரிமையும் மாநிலத்துக்கே என்று கேரளம் வாதாடியது. 2020-ல் சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. அதே ஆண்டு உயர் நீதிமன்றம் மாநிலத்தின் மனுவைத் தள்ளியது. 2021 அக்டோபர் 14-ல் 50 ஆண்டு குத்தகையில் அதானி நிறுவனம் பொறுப்பேற்றது. 2022-ல் உச்ச நீதிமன்றமும் மனுவைத் தள்ளுபடி செய்தது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஒரு பக்கம் நகரம், மறுபக்கம் கடல். விரிவாக்க இடம் குறைவு. கடலோ உள்ளே வந்துகொண்டிருக்கிறது. 2021-ல் டவ்தே புயலின்போது சங்குமுகம் சாலையே இடிந்து விழுந்தது.

மன்னர், மத்திய அரசு, தனியார் என்று நிர்வாகம் கைமாறிக்கொண்டே வந்திருக்கிறது. இத்தனை மாற்றத்திலும் மாறாமல் இருப்பது ஆறாட்டு வழி ஒன்றுதான். பழைய ஊரை அழிக்காமலும் புதிய வசதியைக் கொண்டுவர முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கடினம்.