எண்ணெயுண்ணும் பற்றீரியங்கள்

1989ஆம் ஆண்டு மார்ச் 24ஆந் திகதி, அலாஸ்காவின் பிரின்ஸ் வில்லியம் குடாக்கடலில் 'எக்சன் வால்டீஸ்' என்னும் கப்பல் பாறையில் மோதியது. ஏறக்குறைய 4 கோடி லீற்றர் மசகெண்ணெய் கடலிற் கலந்தது. கடற்பறவைகள் இலட்சக்கணக்கில் மடிந்தன. கரைகளை வெந்நீர் பாய்ச்சிக் கழுவினர். எண்ணெய்க்குத் தப்பிய சிற்றுயிர்கள் பல அவ்வெந்நீரில் வெந்து மாண்டன.

அதே கோடையில் அறிஞர், அக்கரைகளில் இயல்பாகவே வாழும் பற்றீரியங்களை நாடினர். எண்ணெயிலுள்ள காபன் அவற்றுக்கு உணவு. ஆயினும் அவை பெருகுவதற்கு நைதரசனும் பொசுபரசும் வேண்டும். கடலில் அவை அரிது. எனவே கற்கரைகளுக்குப் பசளை இட்டனர். உழவர் அறிந்த பழைய வித்தைதான்! பசளை பெற்ற இடங்களில் எண்ணெய் விரைந்து சிதைந்தது.

கற்களின் கீழே புதைந்த எண்ணெயின் கதை வேறு. அங்கே ஒட்சிசன் எட்டுவதில்லை; பற்றீரியங்களின் வேலையும் நடப்பதில்லை. 2001ஆம் ஆண்டு தோண்டிப் பார்த்தபோது, பல கரைகளில் அது கெட்டியாகாத எண்ணெயாகவே கிடந்தது.